காத்திருப்பதற்கும் கூலி உண்டு

(நமது பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேசக் கிடைத்தவன் பாக்கியசாலி அல்ல. பந்திக்கு இலை போடும் சத்தம் எனக்கும் கேட்கிறது. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

செயலாளர் அண்ணன் எனக்குக் கொடுத்த தலைப்பு ‘சமுதாயத்துக்கு நம் கடமை’. பெரிய தலைப்பு. அதைச் சின்னதாக்கிக்கொள்ள அவரே வழியும் காட்டிவிட்டார். பிற்பகல் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. சங்க நிதியிலிருந்து ஆம்புலன்ஸ் ஒன்று வாங்கி, நம் கல்லூரி வாசலைத் தாண்டிப் போகும் நெடுஞ்சாலையில் மக்கள் உபயோகத்துக்கு நிறுத்த வேண்டும் என்பது அந்தத் தீர்மானம். நல்ல உள்ளத்தோடு வந்த யோசனை. கை தூக்குவதற்கு முன்னால், ஒரு பராமரிப்புப் பொறியாளன் போடுகிற கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

முதலில் பிரச்சினையின் அளவைப் பார்ப்போம். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்தபடியாக நாம்தான். நாடு முழுக்க இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நம் கல்லூரியின் சைக்கிள் ஸ்டாண்டை இன்று போய்ப் பாருங்கள். நான் படித்த காலத்தைவிட எத்தனை மோட்டார் சைக்கிள்கள்! அந்தக் கணக்கு யாருடைய கணக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடிபட்டவர்கள் எல்லோரும் அந்த இடத்திலேயே இறந்துவிடுவதில்லை. ரத்தம் வெளியேறி, மூச்சுக் குழாய் அடைபட்டு, மூளையில் ரத்தம் கட்டி, சிறிது நேரம் கழித்து இறப்பவர்கள் பலர். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து அறுவை மருத்துவர் ஆடம்ஸ் கௌலி என்பவர் இதைத்தான் ‘பொன்னான ஒரு மணி நேரம்’ என்று சொல்லி உலகத்துக்கு உணர்த்தினார். அறுபதாவது நிமிடத்தில் கதவு மூடிவிடும் என்று அதற்குப் பொருளில்லை. சிலருக்குப் பத்து நிமிடம்தான் இருக்கும். சிலருக்கு மூன்று மணி நேரம் இருக்கும். தாமதம் ஆளைக் கொல்லும் என்பதுதான் அதன் சாரம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். டிரானெக்சாமிக் ஆசிட் என்று ஒரு மருந்து. ரத்தப் பெருக்கைக் கட்டுப்படுத்த உதவும். விலை அதிகமில்லாத பழைய மருந்துதான். 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப் பெருக்கால் வரும் சாவு குறைகிறது, அதற்குப் பிறகு கொடுத்தால் பயனில்லை, கெடுதல்கூட வரலாம் என்று அந்த ஆய்வு காட்டியது. பாருங்கள், மருந்து மலிவு. ஆனால் நேரத்துக்கு அந்த ஊசியைப் போட ஒரு ஆள் விழித்துக்கொண்டு இருக்க வேண்டுமே, அந்த ஆள் மலிவில்லை. இன்றைய என் பேச்சு முழுக்க அந்த ஆளைப் பற்றித்தான்.

நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் தீயணைப்புக்கென்று ஒரு பெரிய டீசல் பம்ப் இருக்கிறது. வாரம் ஒருமுறை சனிக்கிழமை காலையில் ஓட்டிப் பார்ப்போம். எண்ணெய் பார்ப்போம், பாட்டரி பார்ப்போம், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவோம். எனக்குத் தெரிந்து அது ஒருநாள் கூட நிஜத் தீயை அணைத்ததில்லை. அதற்காக ‘இது தண்டச் செலவு, விற்றுவிடலாம்’ என்று எந்த முதலாளியும் சொல்லமாட்டார். சும்மா நிற்பதுதான் அதன் வேலை என்று அவருக்குத் தெரியும். தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்ட முடியாதல்லவா?

விபத்துச் சிகிச்சையும் அப்படித்தான். ஆனால் அங்கே மட்டும் நாம் கணக்கை மாற்றிப் போடுகிறோம். ‘இந்த ஆம்புலன்ஸ் நாளைக்கு எத்தனை டிரிப் அடிக்கிறது? இந்த டாக்டர் ராத்திரியில் எத்தனை கேஸ் பார்த்தார்?’ என்று கேட்கிறோம். டிரிப் குறைந்தால் வீண் என்கிறோம். தம்பிகளே, கொஞ்சம் பேப்பரும் பேனாவும் எடுங்கள்.

ஒரு அழைப்பு வந்து, வண்டி புறப்பட்டு, ஆளை ஏற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, சுத்தம் செய்து, பழைய இடத்துக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு எட்டு டிரிப் என்றால் பன்னிரண்டு மணி நேரம். அதாவது பாதி நாள் அந்த வண்டி வெளியே. அழைப்புகள் சொல்லி வைத்துக்கொண்டு வருவதில்லை, எந்த நேரத்திலும் வரும். ஆகவே அடுத்து அழைப்பவருக்கு அந்த வண்டி கிடைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. சரி, ‘நன்றாக உழைக்கட்டும்’ என்று பன்னிரண்டு டிரிப் ஓட்டினால் பதினெட்டு மணி நேரம் வெளியே. இப்போது நான்கு பேர் அழைத்தால் மூன்று பேருக்கு வண்டி இல்லை. கணக்கேட்டில் இது அருமையான வண்டி. நடுரோட்டில் கிடப்பவனுக்கு இது இல்லாத வண்டி. எனவே கொஞ்ச நேரமாவது சும்மா நிற்காத ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸே அல்ல.

அடுத்து நாற்காலிக் கணக்கு. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு ஆள் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்ப்பார். வகுத்தால் மூன்றரை. லீவு, உடம்புக்கு முடியாத நாள், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து என்று வையுங்கள். இரவு பகல் காலியாக இல்லாத ஒரு நாற்காலிக்கு ஐந்து பேர் தேவை. ஆம்புலன்ஸில் ஓட்டுநர் ஒரு நாற்காலி, மருத்துவ உதவியாளர் ஒரு நாற்காலி. ஆக பத்துப் பேர். தலைக்கு மாதம் ரூ.20,000 என்று குறைத்தே வைத்தாலும் மாதம் 2 லட்சம், வருடம் 24 லட்சம், ஐந்து வருடத்தில் 1 கோடி 20 லட்சம். டீசல், டயர், ஆக்ஸிஜன், இன்சூரன்ஸ் தனி. வண்டியின் விலையை நம் பொருளாளர் விசாரித்து வைத்திருக்கிறார். அது இதில் ஒரு பகுதிதான். யானையை வாங்கக் காசிருக்கிறது, சரி, தீனி போட?

ஆம்புலன்ஸோடு முடிந்துவிட்டதா? அது போய் நிற்கும் ஆஸ்பத்திரியில் அவசர மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், அறுவை நிபுணர், எலும்பு முறிவு நிபுணர், நர்ஸ், சி.டி. ஸ்கேன் டெக்னீஷியன், ரத்த வங்கி டெக்னீஷியன், ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர் என்று குறைந்தது எட்டு நாற்காலி. எட்டை ஐந்தால் பெருக்கினால் நாற்பது பேர். சிலர் பக்கத்திலேயே குடியிருந்து கூப்பிட்டால் வரலாம் என்று குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு பெரிய பட்டாளம்தான். அவர்கள் விடிய விடியக் காத்திருந்து, அந்த இரவு யாருமே அடிபட்டு வராவிட்டால் அது நல்ல இரவு. ஆனால் அந்த நல்ல இரவுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? கேள்வி இதுதான்.

என் வகுப்புத் தோழன் ஒருவனுக்குச் சில வருடங்களுக்கு முன் பைபாஸ் சாலையில் விபத்து நடந்தது. இரவு பதினொரு மணி. வண்டி நேரத்துக்கு வந்தது, ஆஸ்பத்திரியிலும் நேரத்துக்குச் சேர்த்தார்கள். அங்கே புத்தம் புதுசாக சி.டி. ஸ்கேன் மெஷின் இருந்தது. அதை இயக்குபவர் வீட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. வந்து சேர ஐம்பது நிமிடம் ஆயிற்று. மூளையில் ரத்தம் கட்டியிருக்கிறது என்று அதன் பிறகுதான் தெரிந்தது. அவன் உயிரோடு இருக்கிறான். பழைய வேலைக்குத் திரும்ப முடியவில்லை. நம் பெயர்களை நினைவுபடுத்திச் சொல்லவே அவனுக்கு நேரமாகிறது. அந்த ஐம்பது நிமிடம்தான் காரணம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. அந்த மருத்துவமனையைக் குறை சொல்லவும் நான் வரவில்லை. மெஷின் வாங்க அவர்களுக்குப் பணம் கிடைத்தது. இரவு ஆளை உட்கார வைக்கப் பணம் கிடைக்கவில்லை. மெஷினுக்குத் திறப்பு விழா உண்டு. ராத்திரி டியூட்டிக்கு யாராவது ரிப்பன் வெட்டுவார்களா?

இனி, பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் முதலில் வந்தது கடமை. பணம் பின்னால்தான் வந்தது. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு மருத்துவர் ஆனாலும் தனியார் மருத்துவர் ஆனாலும், அடிபட்டு வந்தவருக்கு உடனே உயிர் காக்கும் சிகிச்சை தர வேண்டும். போலீஸ் நடைமுறை அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. மகத்தான தீர்ப்பு. ஆனால் அந்தச் சிகிச்சைக்கான பில் யாருக்குப் போகும்? அந்தக் கேள்வி அப்படியே நின்றது. அதனால்தான் ‘முதல்ல அட்வான்ஸ் கட்டுங்க’ என்ற குரலும் நிற்கவில்லை.

2008 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழ்நாட்டில் 108 வந்தது. இன்று 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள். அழைப்பவரிடம் பைசா வாங்குவதில்லை. இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. இந்தச் சேவையை நடத்தும் அமைப்பு 2005-இல் ஹைதராபாத்தில் ஒரு தொழிலதிபரின் கொடையில் பிறந்தது. 2009 ஜனவரியில் அவருடைய சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி அம்பலமாகி அவர் சிறைக்குப் போனார். பிறகு வேறொரு தொழில் குழுமம் நிர்வாகப் பொறுப்பை ஏற்றது. கொடையாளி கவிழ்ந்தார், வண்டிகள் நிற்கவில்லை. ஏன்? ஓட்டும் செலவின் பெரும்பகுதியை அதற்குள் அரசுகள் ஏற்றுக்கொண்டிருந்தன. தொடங்கி வைக்கக் கொடை போதும். தொடர்ந்து ஓட வரிப் பணம்தான் வேண்டும்.

அடுத்து மருத்துவமனை. விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கென்று தமிழக அரசு டி.ஏ.இ.ஐ. என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. அதன்படி வந்தவரை உடனே தரம் பிரித்து, உயிர் ஊசலாடினால் சிவப்பு, கவலைக்கிடமாக இருந்தால் மஞ்சள், தாங்கக்கூடியது என்றால் பச்சை என்று இடம் ஒதுக்குவார்கள். வண்டி வந்து சேரும் முன்பே ஆஸ்பத்திரிக்குச் சேதி போய்விட வேண்டும். எந்த நோயாளி எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதைச் சொந்தக்காரர்களின் பதற்றம் தீர்மானிக்கக் கூடாது, ஏற்பாடு தீர்மானிக்க வேண்டும். இதுதான் அமைப்பு என்பது.

2021 டிசம்பர் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து என்றால், எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் ஆனாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கும்போது ஒருவருக்கு ரூ.1 லட்சம் வரை அரசு ஏற்றது. பட்டியலில் தனியார் மருத்துவமனைகளும் சேர்ந்தன. ரேஷன் கார்டு எங்கே, இன்சூரன்ஸ் எங்கே என்று கேட்காமல் ஆளைப் பார்த்தது இதன் சிறப்பு.

மத்தியிலும் இதே திசைதான். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், பொன்னான ஒரு மணி நேரத்தில் பணம் வாங்காமல் சிகிச்சை தர ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்றது. சட்டம் சொல்லியும் திட்டம் வரவில்லை. சாலைப் பாதுகாப்புக்காகக் கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் ராஜசேகரன் அவர்கள் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில்தான் இதற்கு விடிவு பிறந்தது. 2025 ஜனவரி 8-ஆம் தேதி நீதிமன்றம் கெடு விதித்தது. மே 5-ஆம் தேதி திட்டம் அறிவிக்கை ஆனது. ஒருவருக்கு ரூ.1.5 லட்சம் வரை, ஏழு நாட்கள். பதின்மூன்று வருடம் கழித்து! விடாமல் நின்றவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

இவையெல்லாம் பெரிய முன்னேற்றங்கள். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தத் தொகை ஒரு கேஸ் வந்தால், அந்தக் கேஸுக்குக் கிடைக்கிறது. வாசலில் ‘பணம் கட்டு’ என்ற குரலை அது அடக்கும். அந்த வாசலுக்கு உள்ளே இரவு இரண்டு மணிக்கு ஆள் இருக்க அது மட்டும் போதுமா? பெருநகரத்துப் பெரிய மருத்துவமனையில் கேஸ்கள் நிறைய, ஆகவே கேஸ் பணத்திலேயே ஆட்களை வைக்கலாம். சின்ன ஊர் அரசு மருத்துவமனையில் கேஸ் குறைவு, ஆகவே பணம் குறைவு, ஆகவே ஆள் இல்லை, ஆகவே வந்த கேஸையும் ‘பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க’ என்று அனுப்புவார்கள். அந்தப் பயணத்தில்தான் பொன்னான நேரம் கரைகிறது. கேஸுக்குக் கொடுக்கும் பணம் ஒரு கண் என்றால், காத்திருப்புக்குக் கொடுக்கும் பணம் இன்னொரு கண். இரண்டும் வேண்டும்.

உலகில் இதைப் புரிந்துகொண்ட இடங்கள் உண்டு. மேரிலாந்தில் வாகனப் பதிவுக் கட்டணத்தோடு ஒரு கூடுதல் தொகை வசூலித்து, அதைத் தனி நிதியாக வைத்து, ஹெலிகாப்டர் சேவைக்கும் விபத்துச் சிகிச்சை மையத்துக்கும் கொடுக்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவன் எல்லோரும் பங்கு போடுகிறான். அடிபட்டவன் தலையில் மட்டும் விழுவதில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 1980-களில் விபத்துச் சிகிச்சை மையங்கள் நஷ்டம் தாங்காமல் ஒவ்வொன்றாக விலகின. 2002 நவம்பரில் அங்கே மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். கட்டடத்தின் பரப்பளவுக்கு ஏற்ப ஒரு வரி. அது இந்த மையங்களுக்கும் அவசர சிகிச்சைக்கும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மக்கள் ‘சரி’ என்றார்கள். வரி வேண்டும் என்று ஜனங்களே ஓட்டுப் போட்டார்கள் என்றால், விஷயத்தை யாரோ அவர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

‘அதெல்லாம் சரி தம்பி, ஹெல்மெட் போட்டால் பாதிப் பிரச்சினை தீருமே’ என்று முன்வரிசையில் ஒரு அண்ணன் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மைதான். ஹெல்மெட்டும் நல்ல சாலையும் முதல் மருந்து. அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் எங்கள் ஆலையில் தீப்பிடிக்காமல் இருக்க எல்லா ஏற்பாடும் செய்துவிட்டுத்தான், கூடவே அந்தப் பம்பையும் வைத்திருக்கிறோம். ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகாது.

இப்போது நம் தீர்மானத்துக்கு வருகிறேன். ஒற்றை வண்டியை நாமே வாங்கி நாமே நிறுத்தினால் முதல் வருடம் மாலை போடுவோம், இந்த மலரில் படம் வரும். மூன்றாம் வருடம் ஓட்டுநருக்குச் சம்பளம் தேட ஆரம்பிப்போம். ஐந்தாம் வருடம் அது ஏதோ ஒரு ஷெட்டில் நிற்கும். அது மட்டுமல்ல, தனி வண்டி வெளியே போய்விட்டால் அந்த இடம் காலி. பல வண்டிகள் ஒரே கட்டுப்பாட்டு அறையின் கீழ் இருந்தால்தான் ஒன்று போனாலும் அடுத்தது வந்து நிற்கும். ஆகவே வண்டியை அரசு ஏற்பாட்டுக்கு விட்டுவிடுவோம். அதற்குத்தான் வரி கட்டுகிறோம். நாம் செய்யக்கூடியது, அரசு செய்யாதது, மூன்று இருக்கிறது.

ஒன்று, வண்டி வருவதற்கு முந்தைய நிமிடங்கள் நம் கையில் இருக்கின்றன. நெடுஞ்சாலை ஓரக் கல்லூரி இது. ஒவ்வொரு வருடமும் முதலாண்டு மாணவர்கள் அத்தனை பேருக்கும், வாசலில் உள்ள டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், ஹாஸ்டல் வார்டன் எல்லோருக்கும் ரத்தத்தை அழுத்தி நிறுத்தவும், கழுத்து அசையாமல் பார்த்துக்கொள்ளவும், 108-க்கு இடத்தைச் சரியாகச் சொல்லவும் முறையான பயிற்சி கொடுப்போம். தம்பிகளே, உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமோ என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவியவரை 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. பெயர் சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

இரண்டு, ரத்தம். ரத்த வங்கி என்பதும் காத்திருக்கும் ஏற்பாடுதான். வருடத்துக்கு ஒருமுறை பெரிய முகாம் நடத்தி, படம் எடுத்துக்கொண்டு, மீதிப் பதினொரு மாதம் மறந்துவிடுவதால் பயன் குறைவு. ரத்தம் மாதக் கணக்கில் கெடாமல் இருக்காது. துறைவாரியாக மாதம் தவறாமல் சிலர் கொடுக்கும்படி ஒரு பட்டியல் போடுவோம்.

மூன்று, கேள்வி. இதுதான் முக்கியம். இந்தக் கூடத்தில் பொறியாளர் இருக்கிறோம், வக்கீல் இருக்கிறார், கணக்கர் இருக்கிறார், அரசு அதிகாரி இருக்கிறார். நம் மாவட்டத்தில் எந்த அரசு மருத்துவமனையில் இரவு சி.டி. ஸ்கேன் ஓடுகிறது, எங்கே மயக்க மருந்து நிபுணர் இரவில் இருக்கிறார், காலியிடம் எத்தனை என்று வருடந்தோறும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு, வந்த பதிலை இந்த மலரிலேயே அச்சிடுவோம். எந்தக் கட்சி ஆட்சியானாலும் ‘கட்டடம் எத்தனை திறந்தீர்கள்’ என்று கேட்காமல், ‘ராத்திரி இரண்டு மணிக்கு நாற்காலியில் ஆள் இருக்கிறாரா, அவர் சம்பளத்துக்கு பட்ஜெட்டில் இடம் இருக்கிறதா’ என்று கேட்போம். நூறு பேர் நூறு தடவை கேட்டால் அதற்கு ஒரு நிதித் தலைப்பு பிறக்கும்.

வண்டிக்கென்று ஒதுக்கிய தொகையில் இந்த மூன்றையும் பல வருடம் நடத்தலாம். முதல் வருடப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யும் வேலையை என் தலையில் கட்டுங்கள், செய்கிறேன். தீர்மானத்தை இப்படித் திருத்தி நிறைவேற்றும்படி பொதுக்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இலை போட்டாயிற்று என்று செயலாளர் அண்ணன் கை காட்டுகிறார்.